ஆத்தா போட்ட உப்பு

எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு போடுவது சாமியின் வேலை. மற்ற வீடுகளில் மனிதர்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கும்.

சாமி நேரில் வந்து போடாது. என் அத்தையிடம் அளவைச் சொல்லும், அத்தை போடுவாள். அத்தை என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பத்தொன்பது வயதில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஒரே சமயத்தில் பெரியம்மை கண்டது. புருஷன் போய்விட்டான். அவள் பிழைத்து, முகமெல்லாம் தழும்போடு பாடி என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஆத்தா அவள் உடம்பில் குடியிருந்துவிட்டுப் போகும்போது முழுதாகப் போகவில்லை, அவள் நாக்கில் கொஞ்சம் தங்கிவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். அத்தையும் இல்லையென்று சொன்னதில்லை.

குழம்பு கொதி வந்ததும் அத்தை அடுப்புக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொள்வாள். வலது கை உப்புச் சட்டிக்குள் இருக்கும். அப்போது நாங்கள் யாரும் பேசக்கூடாது. அவள் உதடு ஒரு தரம் அசையும். பிடித்த பிடி அப்படியே குழம்புக்குள் போகும். ருசி பார்க்கமாட்டாள். ஆத்தா அளந்து கொடுத்ததை நாக்கில் வைத்துச் சோதிக்க நான் யார் என்பாள். பிறகு மாடத்தில் விளக்கேற்றப் போவாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் பின்னாலேயே ஓடுவேன். அம்மா மட்டும் அடுப்பங்கரையில் இருந்து குழம்பைத் துழாவிக்கொண்டிருப்பாள். பெரியம்மா என் நினைவு தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் என்று இருந்தது அத்தையும் அம்மாவும் நானும்தான்.

சாப்பாட்டில் ஒரு நாளும் உப்பு கூடினதில்லை, குறைந்ததில்லை. பெரியப்பா முதல் கவளத்தை வாயில் வைத்ததும், சாமி படம் இருக்கும் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். சமைத்தவர்களைப் பார்த்து அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அத்தையின் மகிமைக்கு வேறு சாட்சியும் இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் வேப்பிலையை உருவி வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் வெற்றிலை மாதிரி மெல்லுவாள். பார்த்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். விளக்கெண்ணெயைத் தண்ணீர் குடிப்பதுபோல் குடிப்பாள். ஒரு தரம் நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துபோன புளித்த மோரை அவள் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். ஆத்தா குடியிருக்கும் நாக்குக்குக் கசப்பும் புளிப்பும் தெரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாதி சரியான முடிவுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவளானதும் என் நாக்கிலும் ஆத்தா வந்து உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அத்தையைக் கேட்டேன். அவள் எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பொய் பேசக்கூடாது கண்ணு. பொய் பேசாத நாக்குலதான் ஆத்தா குந்துவா."

அன்றிலிருந்து நான் பொய் பேசுவதை விட்டுவிட்டேன். இதைவிடப் பெரிய கேட்டை எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அந்த வருஷம் பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கொட்டகை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஆள்கள் மண் சுமக்கப் போய்வந்தார்கள். வீட்டுக்கு வீடு அரிசிப் பானையின் அடி தெரிந்துகொண்டிருந்த காலம். ஆனாலும் ஆடி மாதக் கூழை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. ஆத்தா கோபித்துக்கொண்டால் மழையும் போய்விடும் என்று பெரியப்பா சொன்னார். வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவும் கொஞ்சம் நொய்யும் வந்து சேர்ந்தன.

கூழ் காய்ச்சுகிறவள் வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கோயில் வழக்கம். மூச்சும் எச்சிலும் அண்டாவில் பட்டுவிடக்கூடாது. படையல் முடியும்வரை துணியை அவிழ்க்கக்கூடாது, பேசக்கூடாது. யாரும் ருசி பார்க்கக்கூடாது என்பது சொல்லாமலே தெரியும். தாலியறுத்தவளை அம்மன் பானைக்குப் பக்கத்தில் விடாத ஊர் அது. அத்தைக்கு மட்டும் விலக்கு, ஆத்தாவே அவளிடம் பேசுகிறாளே. அந்த ஒரு நாள் சுமங்கலிகளெல்லாம் ஒதுங்கி வழிவிட, அவள் நடுவில் நடந்துவருவாள். வருஷத்தில் மற்ற நாள்களில் கல்யாண வீட்டு வாசலில்கூட அவளை நிற்கவிடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல். கோயிலுக்கு எதிரே அண்டாவில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. கைக்குழந்தையான என் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வாயைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டு கையாலும் உப்பை அள்ளி மூன்று தரம் போட்டாள். பிறகு கோயிலைச் சுற்றிவரக் கிளம்பினாள். ஊரே அவள் பின்னால் போனது. தம்பி மடியில் இல்லாதிருந்தால் நானும் போயிருப்பேன், எதையும் பார்த்திருக்கமாட்டேன்.

கூழ் அடிப்பிடிக்காமல் துழாவ நின்ற அம்மா கையில் துடுப்பு இருந்தது. அவள் குனிந்து கூழின் ஆவியை முகர்ந்தாள். ஒரு சுற்றுத் துழாவிவிட்டு மறுபடியும் முகர்ந்தாள். அப்புறம் மடியிலிருந்து உப்பை எடுத்து அண்டாவில் போட்டாள். இரண்டு பிடி. கொஞ்சம் யோசித்து இன்னும் ஓர் அரைப் பிடி. பதறவில்லை, சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. என்றைக்கும் செய்கிற வேலையைச் செய்கிறவள்போலத்தான் செய்தாள்.

சாமி அளந்த அளவு போதாது என்று என் அம்மா போடுகிறாள். என் வயிற்றுக்குள் ஆத்தா வந்து, சொல்லு சொல்லு என்கிறாற்போல இருந்தது. கூட்டம் சுற்றிவந்ததும் நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியப்பாவின் முன்னால் நின்றேன்.

"பெரிப்பா, ஆத்தா போட்ட உப்பு பத்தாதுன்னு அம்மா இன்னும் உப்பு அள்ளிப் போட்டுச்சி."

மேளம் அடிப்பவர்கூட நிறுத்திவிட்டார். பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். குழந்தை உளறுகிறது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எட்டு வயதுப் பெண்ணின் பேச்சு அத்தோடு போயிருக்கும். அம்மா அதைச் சொல்லவில்லை. அவள் அத்தையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், என்னை மெச்சுவாள் என்று. மஞ்சள் துணிக்கு மேலே அத்தையின் இரண்டு கண்களும் பெரிதாக விரிந்திருந்தன. அருள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"நெசமா?" என்று பெரியப்பா கேட்டார்.

"புத்தி கெட்டுப் போட்டுட்டேன் மாமா," என்றாள் அம்மா.

அத்தை பேசவில்லை. வாய்தான் கட்டியிருந்ததே.

கூழ் தீட்டுப்பட்டுவிட்டது, படைக்கக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். படைக்காததை யாருக்கும் ஊற்றவும் கூடாதாம். சேரியிலிருந்து வந்தவர்கள் தூரத்தில் பாத்திரங்களோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, நாலு அடி முன்னால் வந்து நின்றாள்.

"எங்களுக்கு ஊத்திடுங்க ஆண்டே. எங்கள எந்தத் தீட்டும் ஒண்ணும் பண்ணாது."

பெரியப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. நாலு ஆள்கள் கம்பு கொடுத்து அண்டாவைத் தூக்கிப்போய் வாய்க்கால் மேட்டில் சாய்த்தார்கள். ஊர் முழுக்க வயிற்றைக் கட்டிக் கொடுத்த கேழ்வரகு ஆவி பறக்க மண்ணில் போனது. அன்றைக்கு உப்பு சரியாக இருந்ததா என்று நாய்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் அப்பா வண்டியைப் பூட்டினார். அம்மாவின் தாய்வீடு நசரத்பேட்டையில். ஆத்தாவின் கோபம் தணிகிறவரை அவள் அங்கே இருக்கட்டும், தணிந்தது வீட்டுச் சாப்பாட்டில் தெரியும் என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார். அப்பா அண்ணன் சொல்லை மீறினவரில்லை. அவர் எதையுமே மீறினவரில்லை. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். என்னைத் திட்டுவாள் என்று அத்தையின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தினம் தலைவாரிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி, யார் வீட்டுச் சட்டியிலும் நீயாகக் கை வைக்காதே என்று புத்தி சொல்ல வந்த அன்றைக்குத்தான் அம்மா எனக்கு உண்மையைச் சொன்னாள். பெரியம்மை அத்தையின் புருஷனோடு அவள் நாக்கின் ருசியையும் கொண்டுபோயிருந்தது. உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது, வாசனையும் தெரியாது. தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்குச் சமையலறையைத் தவிர வேறு இடமில்லை. அதுவும் போய்விடும் என்று பயந்து அவள் அம்மாவின் காலைப் பிடித்து அழுதிருக்கிறாள். நீ உன் இஷ்டத்துக்குப் போடு, நான் பின்னால் சரிசெய்துகொள்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கண்ணை மூடி நின்று, ஆத்தாவைக் கேட்டுப் போடுவதாகச் சொல்ல ஆரம்பித்தது அத்தையின் சொந்த யோசனை. ஏன் ருசி பார்ப்பதில்லை என்று யாரோ கேட்டபோது வாயில் வந்த பதில் அது. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. நாளாக ஆக அத்தையும் பிடித்துக்கொண்டாள். ருசி பார்க்கக்கூடாத கூழில் உப்புக் குறைவென்று எப்படி அம்மா கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். உப்புக் குறைந்தால் ஆவியில் பச்சை வாடை நிற்கும் என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றதற்கு, யாரும் சொல்லவில்லை, தெரியும் என்றாள். எங்கள் வீட்டில் எந்தச் சாமியாவது யார் காதிலாவது பேசியிருந்தால் அது அவள் காதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு யாரும் கும்பிடு போடவில்லை.

அம்மா போன அன்றே குழம்பு கெட்டுப்போனது. ஒரு நாள் சப்பென்று இருக்கும். மறுநாள் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். பெரியப்பா முகம் கறுத்து, ஆத்தாவின் கோபம் இன்னும் தணியவில்லை என்பார். அப்பா தலையைக் குனிந்தபடி தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்குவார். அம்மா இல்லாததால் சாப்பாடு கெட்டது. சாப்பாடு கெட்டதால் அம்மா வரக்கூடாமல் போனது. அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பரிமாறினாள். ஒருநாளாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். அறுபது எழுபது வருஷமாக நான் அவளுக்காக எத்தனையோ நியாயம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த இடத்துக்கு வந்ததும் என் மனம் இறுகிப்போகிறது.

அம்மா இல்லாமல் நாலு மாதம் ஓடியது. தம்பியின் தூளிக் கயிறு உத்தரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். சாப்பாடு சரியாக இருந்தால் அம்மா வந்துவிடுவாள், பெரியப்பாவே சொல்லியிருக்கிறாரே. ஒருநாள் அத்தை விளக்கேற்றப் போனதும் நான் போகாமல் அடுப்பங்கரையிலேயே இருந்துகொண்டேன். அத்தையைப் போலவே உப்புச் சட்டிக்குள் கையை விட்டுக் கண்ணை மூடி நின்றேன். உண்மை பேசின நாக்கு, கட்டாயம் ஆத்தா வருவாள் என்று காத்திருந்தேன். குழம்பு கொதிக்கிற சத்தம்தான் கேட்டது. கடைசியில் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை விரலில் விட்டு நக்கிப் பார்த்தேன். இனி என் நாக்கில் ஆத்தா வரவே மாட்டாள் என்று தெரிந்துதான் செய்தேன். அம்மா வந்தால் போதும் என்றிருந்தது.

முதலில் சரியாக வரவில்லை. குறைந்ததற்கு உப்பு, கூடினதற்கு வெந்நீர் என்று தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். கொதிக்கிற குழம்பில் பட்டுப் பட்டு விரல் நுனி வெந்துபோயிருந்தது. பொங்கல் வருவதற்குள் கை பழகிவிட்டது. எனக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. உப்புச் சட்டியை மூடிவைக்காவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும் என்று என்னை அதட்டும் அத்தை, அந்த நாள்களில் மூட மறந்து, சட்டியையும் என் கைக்கெட்டும் உயரத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அத்தைக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். வயதில் அவள் முப்பதைக்கூடத் தொடவில்லை.

பெரியப்பா மறுபடியும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தார். அம்மாவை அழைத்துவர இதுதான் சமயம் என்று அப்பா மெல்லப் பேச்செடுத்தார். கதவிடுக்கில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ போனப்பறம்தான்டா ஆத்தா குளுந்துகீறா," என்றார் பெரியப்பா. "அடுத்த ஆடி வரைக்கும் அங்கியே இருக்கட்டும்."

அத்தை அப்போது பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்து நொய்யைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. குழம்பு கெட்டபோது ஆத்தா கோபித்திருந்ததால் அம்மா வரமுடியவில்லை. குழம்பு சரியானபோது ஆத்தா குளிர்ந்திருந்ததால் அம்மா வரத்தேவையில்லை. எனக்கு இதில் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. தினமும் உப்பை மட்டும் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆடி பிறந்ததும் அப்பா போய் அம்மாவை அழைத்துவந்தார். வருகிற வழியிலேயே கோயிலில் ஈரப்புடவையோடு விழுந்து கும்பிட வைத்து, அபராதம் கட்டவைத்துத்தான் கொண்டுவந்தார். தம்பி நடந்து வந்தான். என்னை யாரென்று தெரியாமல் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான்.

அன்று மதியம் கத்திரிக்காய்க் குழம்பு. அத்தை கண்ணை மூடினாள், போட்டாள், விளக்கேற்றப் போனாள். உப்புச் சட்டி திறந்திருந்தது. நான் பழக்கப்படி கரண்டியை எடுத்து ஒரு சொட்டை விரலில் விட்டு நாக்கில் வைத்துவிட்டு, உப்புக்குக் கை நீட்டினேன். பின்னாலிருந்து அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் விரல்களை விரித்துப் பார்த்தாள். திறந்திருந்த சட்டியைப் பார்த்தாள். அது இருந்த உயரத்தையும் பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

பொங்கலுக்கு முன்னாலிருந்து என்றேன். நான் ருசி பார்த்துத்தான் போடுகிறேன், ஆத்தாவிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். இன்னும் ஒரு பிடி போட வேண்டும், போடாவிட்டால் பெரியப்பா உன்னை மறுபடியும் அனுப்பிவிடுவார் என்றும் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. அவள் தட்டை எடுத்து உப்புச் சட்டியை அழுத்தி மூடினாள்.

"வேணாம். ஆத்தாவே போடட்டும்."

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியப்பா முதல் கவளத்தை வாயில் வைத்தார். கும்பிடு போடவில்லை. மென்றதை விழுங்கிவிட்டு அம்மாவையே பார்த்தார். அடுப்பங்கரை ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிக்கொண்டாள். அப்புறம்தான் அவள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உடனே திரும்பி உப்புச் சட்டியைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. அவள் கை இலையிலேயே நின்றுவிட்டது. இந்த முறை அவள் வாயில் துணி எதுவும் இல்லை. அப்போதும் அவள் பேசவில்லை.

"இவ வந்த அன்னிக்கே ஆத்தா காட்டிட்டா பாத்தியா," என்று பெரியப்பா அப்பாவிடம் சொல்லிவிட்டு இலையை மடித்தார்.

மறுநாள் வண்டி மறுபடியும் பூட்டப்பட்டது. அம்மா தம்பியை ஏற்றினாள். பிறகு யாரையும் கேட்காமல் என் கையைப் பிடித்து என்னையும் ஏற்றினாள். அப்பா எதிரே நின்று பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியப்பாவும் தடுக்கவில்லை. பெண்பிள்ளைதானே, போகட்டும் என்றிருந்திருப்பார். வாசல்வரை ஓடிவந்து தடுத்தது அத்தை ஒருத்திதான். இந்தக் குழந்தையை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் அண்ணி என்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று நானும் சேர்ந்து அழுதேன். அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

வழியெல்லாம் நான் அம்மாவோடு பேசவில்லை. பூவிருந்தவல்லி தாண்டும்போது அவள் கொடுத்த பொரியையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பிடி உப்பு போட்டிருந்தால் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்திருக்கலாம். என்னைப் போடவும் விடாமல், தானும் போடாமல், இவ்வளவு நாளும் இல்லாத பக்தி இவளுக்கு அன்றைக்கென்று பார்த்து எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்படி ஒரு கோபம். அம்மா என் வெந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் கையைப் பிடுங்கிக்கொண்டேன்.